மெல்ல மங்கும் விமானியை யார் கவனிப்பது? பயிற்சித் துறைகளுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

விமான நிறுவனங்களின் பயிற்சித் துறைத் தலைவர்களுக்கும், விமானப் போக்குவரத்து ஆணையங்களின் மருத்துவ, பயிற்சிப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். பறக்கும்போது விமானி ஒருவர் செயலிழந்துபோனால் என்ன செய்வது என்று உங்கள் கையேடுகள் எல்லாவற்றிலும் ஒரு பக்கம் இருக்கிறது. சிமுலேட்டரிலும் அதற்கு அவ்வப்போது சில நிமிடம் ஒதுக்குகிறீர்கள். பின் இருக்கையில் இருக்கும் பயிற்சியாளர் கேப்டனின் தோளைத் தட்டுவார். கேப்டன் தலையைத் தொங்கப்போடுவார். துணை விமானி ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்பார். படிவத்தில் ஒரு டிக் விழும். இதில் சோதிக்கப்படுவது பெரும்பாலும் கேப்டனின் நடிப்புத் திறன்தான். தட்டியது எல்லோருக்கும் தெரியும், விழப்போவதும் தெரியும், எப்போது என்பதுகூடத் தெரியும்.

இந்தப் பயிற்சியை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். விமானிகள், கேபின் பணியாளர்கள், சிமுலேட்டர் பயிற்சியாளர்கள் என்று பல பக்கத்திலிருந்தும் சேர்ந்து எழுதுகிறோம்.

செயலிழப்பு இரண்டு வகை. ஒன்று பளிச்சென்று தெரிவது: வலிப்பு, மயக்கம், மாரடைப்பு, அடக்க முடியாத வாந்தி. மற்றது மறைவாக வருவது. ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், கண் திறந்திருக்கும், கை கன்ட்ரோல் மேல் இருக்கும், கேட்டதற்கு ‘ம்’ என்றுகூடச் சொல்வார். ஆனால் மூளை வேலையில் இருக்காது. முதல் வகையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆட்களைக் கொன்றது இரண்டாவது வகை.

1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பிய டிரைடன்ட் விமானம் மூன்று நிமிடத்துக்குள் ஸ்டெயின்ஸ் ஊருக்கு அருகே விழுந்தது. அதில் இருந்த 118 பேரும் இறந்தார்கள். இறக்கையின் முன்விளிம்பில், குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்க உதவும் ‘டிரூப்’ எனும் பகுதியை 225 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. மடக்கப்பட்டது 162 நாட் வேகத்தில். கேப்டனின் இதயத் தமனியில் கடும் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அவர் சாய்ந்து விழவில்லை. நோயும் வலியும் அவருடைய கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும் அரித்திருக்க வேண்டும் என்றது விசாரணை. பக்கத்தில் 22 வயது துணை விமானி, பின்னால் இன்னொரு விமானி. வேகம் குறைந்துகொண்டே போனதையும் டிரூப் லீவர் நகர்ந்ததையும் மூவரும் சேர்ந்து தவறவிட்டார்கள். விபத்துக்கான அடிப்படைக் காரணங்களின் பட்டியலில், மறைவாக வரும் செயலிழப்புக்குப் பயிற்சியே இல்லாததையும் அந்த விசாரணை சேர்த்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரியை நாம் பாதிதான் படித்திருக்கிறோம்.

ஆணையங்களின் மருத்துவப் பிரிவினருக்கு ஒன்று. நீங்கள் மருத்துவச் சான்று வழங்கும்போது கையாளும் ‘ஒரு சதவீத விதி’யைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஒரு விமானி ஓராண்டில் திடீரெனச் செயலிழக்க ஒரு சதவீதம் வாய்ப்பு இருக்கலாம் என்று வைக்கிறீர்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். கணக்குக்கு வசதியாகப் பத்தாயிரம் என்றால், மணிக்குப் பத்து லட்சத்தில் ஒன்று. ஒரு மணி நேரப் பயணத்தில் ஆபத்தான கட்டம் புறப்படும் மூன்று நிமிடமும் இறங்கும் மூன்று நிமிடமும், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆக, கோடியில் ஒன்று. அந்தக் கட்டத்திலும் நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை பக்கத்து விமானி சமாளித்துவிடுவார் என்று எடுத்துக்கொண்டால், விபத்தின் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றாகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கடைசிப் படியைப் பாருங்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது என்பது உடம்பின் கணக்கில் வராது, பயிற்சியின் கணக்கில் வரும். பயிற்சியை டிக் போடும் சடங்காக்கிவிட்டு மருத்துவச் சான்றில் மட்டும் அதே எண்ணை நம்பிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதயமும் மூளையும்தான் காரணம் என்ற நினைப்பு பலருக்கு. ஆஸ்திரேலியாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2010 முதல் 2014 வரையிலான தகவல்களைத் தொகுத்தபோது, ஆண்டுக்குச் சராசரியாக 23 செயலிழப்புகள் பதிவாகியிருந்தன. முக்கால் பங்கு பெரிய பயணிகள் விமானங்களில். முதல் காரணம் வயிற்றுக் கோளாறு. இரண்டாவது, தரையிலிருந்து கண்ணில் அடிக்கப்படும் லேசர் ஒளி. இரண்டு விமானிகளும் வேறு வேறு உணவு சாப்பிட வேண்டும் என்ற பழக்கத்தைச் சிரித்துக்கொண்டே மீறுகிறவர்கள் 1975 பிப்ரவரியை நினைக்கட்டும். ஆங்கரேஜிலிருந்து கோபன்ஹேகன் போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-இல் கெட்டுப்போன உணவால் 197 பேர் நோயுற்றார்கள். விமானிகள் தப்பியது அதே உணவைச் சாப்பிடாததால்.

இனி, கண்டுபிடிப்பது எப்படி என்ற விஷயத்துக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த விதி இருக்கிறது: இரண்டு முறை சொல்லியும் பொருத்தமான பதில் இல்லையென்றால், அல்லது விமானம் நடைமுறையிலிருந்தோ பாதையிலிருந்தோ பெரிதாக விலகியிருக்கும்போது ஒரு முறை சொல்லியும் பதில் இல்லையென்றால், செயலிழப்பு என்று கருதிக் கட்டுப்பாட்டை எடு. விதி நல்ல விதி. சறுக்குவது ‘பொருத்தமான’ என்ற சொல்லில். ‘செக்ட்’ (சரிபார்த்தேன்) என்ற பதில் பல்லாயிரம் முறை சொல்லி நாக்கில் ஊறியது. மங்கிய மூளையிலிருந்தும் அது வந்துவிடும். ஆகவே முதல் அழைப்புக்குப் பதில் சத்தமாக மட்டும் வந்தால் போதாது, கை அசைய வேண்டும், எண் வர வேண்டும். ‘வேகம் குறைகிறது, கேப்டன்’ என்றதற்கு வேகம் கூடினால் அது பதில். ‘ம், சரி’ என்றால் பதில் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும்படி உங்கள் கையேட்டில் எழுதுங்கள். இரண்டாவது அழைப்பில் பெயரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட்டு, திருத்தத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாவது அழைப்பு கிடையாது.

ஓடுபாதையில் 100 நாட் (சில விமானங்களில் 80) வந்ததும் ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர் பதில் தருவது வேகமானியை ஒப்பிட மட்டும் இல்லை. பக்கத்து ஆள் விழித்திருக்கிறாரா என்பதற்கான சோதனையும் அதுவே. அந்தப் பதில் வராவிட்டால்? பல நிறுவனங்களில் புறப்பாட்டை நிறுத்தும் அதிகாரம் கேப்டனுக்கு மட்டும். பதில் தராதவர் அந்தக் கேப்டனாகவே இருந்தால் துணை விமானி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி உங்கள் கையேட்டில் தெளிவாக இருக்கிறதா என்று இன்றே புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். அந்த வேகத்தில் யோசிக்க இரண்டு விநாடிதான் இருக்கும்; அனுமதி உண்டா என்ற சந்தேகத்துக்கே அது போய்விடும்.

கட்டுப்பாட்டை எடுப்பதும் எல்லா விமானத்திலும் ஒன்று போல இல்லை. ஏர்பஸ்ஸில் விமானத்தை இயக்கும் சிறு கைப்பிடிகளான இரண்டு சைடுஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் இரண்டு உத்தரவுகளும் கூட்டப்படும். ஆகவே எடுப்பவர் தம் ஸ்டிக்கிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏ320 வகையில் 40 விநாடி தொடர்ந்து பிடித்தால் எதிர்ப்பக்க ஸ்டிக் செயலற்றுப்போகும். பிறகு விரலை எடுத்துவிடலாம். இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். பலரும் மறப்பது அடுத்த பாதியை: செயலற்ற ஸ்டிக்கின் பொத்தான் ஒரு கணம் அழுந்தினாலே அது மறுபடி உயிர்பெறும். வலிப்பில் இறுகிய விரல்கள் ஸ்டிக்கைப் பற்றியிருந்தால் அந்த 40 விநாடியை நம்பி உட்கார முடியாது. கையை அங்கிருந்து எடுத்தே ஆக வேண்டும். போயிங்கில் இரண்டு கன்ட்ரோல் காலம்களும் (விமானிக்கு முன்னால் நிற்கும் இயக்கு தண்டுகள்) சேர்ந்தே அசையும். சாய்ந்த உடலின் எடை முழுவதும் அந்தத் தண்டை முன்னே தள்ளும், விமானம் மூக்கைத் தாழ்த்தும், மற்றவர் ஒரு கையால் அந்த எடையை எதிர்த்து இழுக்க நேரும்.

விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் ரடர் பெடல்களோ இரண்டு வகை விமானத்திலும் இரு பக்கமும் இணைந்தவை. அவற்றை விடுவிக்கப் பொத்தான் ஏதும் இல்லை. விறைத்த கால் ஒன்று பெடலை மிதித்தபடி இருந்தால், தரையிறங்கும் நேரத்தில் விமானம் ஓடுபாதையை விட்டு விலகும். சைடுஸ்டிக்கைப் பற்றி இவ்வளவு பேசும் பயிற்சிகள் காலைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆகவே முதல் வரிசை இப்படி இருக்கட்டும்: விமானத்தைக் கையில் எடு, பாதையை நேராக்கு, ஆட்டோபைலட்டைப் போடு, பிறகு கேபினைக் கூப்பிடு. பக்கத்தில் ஒருவர் மூச்சுத் திணறும்போது கை தானாக அவர் பக்கம்தான் போகும். அது மனித இயல்பு. அதைத் தடுக்கவே பயிற்சி.

அடுத்து எங்களுக்கு மிகவும் மனத்தாங்கலான பகுதி: கேபின் பணியாளர்கள். காக்பிட்டுக்குள் வந்து அந்த உடலைக் கையாளப்போவது அவர்கள்தான். ஆனால் பலர் விமானி இருக்கையை ஒரு படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். செய்ய வேண்டியது சின்ன வேலைகள்தான், வரிசை முக்கியம். பின்னாலிருந்து இரு தோள்களையும் பிடித்து உடலை இருக்கையோடு சேர்த்து இழுக்க வேண்டும். தோள் வார்ப்பட்டைகளை இறுக்கி, இருக்கைப் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலால் அவற்றைப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் உடல் மெல்ல மறுபடி முன்னால் சரியும். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடித்துப் பட்டைக்குள் செருக வேண்டும். பிறகு இருக்கையைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, பாதங்கள் பெடலை விட்டு விலகிவிட்டனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆக்சிஜன் முகமூடி. பல விமானங்களில் இருக்கை மின்சாரத்தில் நகரும், கூடவே கையால் நகர்த்தும் நெம்புகோலும் இருக்கும். அது எங்கே என்று இருட்டில் தடவிக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

உடலை வெளியே எடுப்பதா, இருக்கையிலேயே விடுவதா என்பது கடினமான கேள்வி. இதயம் நின்றிருந்தால் சாய்ந்த இருக்கையில் மார்பை அழுத்துவதில் பயனில்லை, தட்டையான தரை வேண்டும். காக்பிட் தரை போதாது, விமானத்தின் சமையல் பகுதியான ‘கேலி’ வரை கொண்டுபோக வேண்டும். குறைந்தது இரண்டு பேர் இல்லாமல் முடியாது. துவண்ட உடலைத் தூக்கும்போது நடுவிலுள்ள பெடஸ்டல் மேல் ஒரு முழங்கால் உரசினாலும் ஆபத்து. த்ரஸ்ட் லீவர், ஸ்பீடு பிரேக், ஃபிளாப் லீவர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் கருத்து: விமானம் உயரத்தில் நிதானமாக ஆட்டோபைலட்டில் போகிறது, ஆட்களும் இருக்கிறார்கள் என்றால் எடுங்கள். தரையிறங்கச் சில நிமிடமே இருந்தால் பூட்டி வைத்துவிட்டு எல்லோரும் உட்காருங்கள். மனசுக்குக் கஷ்டமான முடிவுதான். அதனால்தான் அதை அந்த நேரத்தில் ஒரு பணிப்பெண்ணின் தலையில் கட்டாமல் நீங்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது நிஜ இருக்கையில், நிஜ எடையுள்ள பொம்மையை வைத்து, விமானிகளும் கேபின் பணியாளர்களும் ஒன்றாகச் செய்து பார்க்கட்டும்.

ஒருவர் மயங்கினால் அவரிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டுவதும் தவறு. காற்றில் கோளாறு இருக்கலாம். 2005 ஆகஸ்டில் சைப்ரஸின் ஹீலியோஸ் நிறுவன விமானம் 522-இல் கேபின் அழுத்தம் கூடாததைக் கவனிக்காமல் ஏறினார்கள். இரு விமானிகளும் நினைவிழந்தார்கள். 121 பேர் இறந்தார்கள். 35,000 அடியில் ஆக்சிஜன் குறைந்தால் உருப்படியாகச் செயல்படக் கிடைப்பது அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். எனவே உயரத்தில் பக்கத்து ஆள் காரணம் தெரியாமல் குழம்பினால், நலமாக இருப்பவர் முதலில் தம் முகமூடியை மாட்டிக்கொண்டு கேபின் அழுத்த அளவைப் பார்க்கட்டும். ஐந்து விநாடிதான் ஆகும்.

தனியாக இறங்குவது. எதற்கும் தயங்காமல் உயிராபத்து அழைப்பான ‘மேடே’ சொல்ல வேண்டும். அதைவிடக் குறைந்த அவசர அழைப்பான ‘பான் பான்’ போதும் என்று சுருக்கிக்கொள்ள வேண்டாம். ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பான்டரில் அவசர எண் 7700. அருகிலுள்ள விமான நிலையம்தான் சிறந்தது என்று இல்லை. நீண்ட ஓடுபாதை, நல்ல வானிலை, பழகிய இடம், அருகில் நல்ல மருத்துவமனை இவை பத்து நிமிடக் கூடுதல் பயணத்துக்குத் தகும். ரேடார் வழிகாட்டலும் நீண்ட அப்ரோச்சும் (ஓடுபாதையை நோக்கி இறங்கும் பாதை) கேளுங்கள். வழக்கத்தைவிட முன்னதாகவே எல்லாச் சரிபார்ப்புப் பட்டியலையும் முடியுங்கள். காக்பிட்டின் மடக்கு இருக்கையில் ஒரு கேபின் பணியாளரை உட்காரவைத்துப் பட்டியலைப் படிக்கச் சொல்லலாம்; படிப்பதற்கு மட்டும், எதையும் தொடுவதற்கு இல்லை. பயணிகளில் விடுப்பில் உள்ள விமானி இருக்கிறாரா என்று கேட்பது நல்லது. தாம் வழக்கமாக உட்காரும் இருக்கையிலிருந்தே இறங்குங்கள். கேப்டனின் இடது பக்க இருக்கைக்கு மாறி உட்காரும் வீரம் வேண்டாம்.

இதில் ஒரு சின்ன விஷயம் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலுக்குத் தெரிவதில்லை. சில விமானங்களில் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி கேப்டன் பக்கம் மட்டுமே இருக்கும். பெடலால் திருப்பக்கூடியது ஆறேழு பாகைதான். கேப்டன் செயலிழந்தால் துணை விமானி ஓடுபாதையிலேயே நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, இழுவை வண்டிக்குக் காத்திருப்பார். அந்த ஓடுபாதை அரை மணி நேரம் மூடியிருக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிட்டால் பின்னால் வருகிறவர்கள் எரிபொருள் கணக்கை அதற்கேற்பப் போடுவார்கள். ஆம்புலன்ஸும் எந்தக் கதவுக்கு வர வேண்டும், படிக்கட்டு வேண்டுமா என்று தெரிந்து வரும்.

மயங்கியவர் எழுந்துவிட்டால்? இது அடிக்கடி நடக்கும். இரண்டு நிமிடத்தில் கண் திறந்து, ‘எனக்கு ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். அவர் சீனியர், பெரியவர், மறுப்பது சங்கடம். வலிப்புக்குப் பிறகு வரும் குழப்பம் வெளியிலிருந்து பார்த்தால் தெளிவு மாதிரியே இருக்கும். ஒரு முறை செயலிழந்தவர் அந்தப் பயணம் முடியும்வரை கன்ட்ரோலைத் தொடக் கூடாது என்று விதியாக எழுதுங்கள். அப்போது மறுப்பவர் ஜூனியர் ஆகமாட்டார், விதிதான் மறுக்கும்.

ஆணையங்களிடம் இன்னொரு கோரிக்கை. 2024 பிப்ரவரி 17 அன்று ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து செவில் போன லுஃப்தான்சா ஏ321-இல் கேப்டன் கழிப்பறைக்குப் போயிருந்தபோது, காக்பிட்டில் தனியாக இருந்த துணை விமானிக்கு வலிப்பு வந்து நினைவிழந்தார். ஏறக்குறைய பத்து நிமிடம் ஆட்டோபைலட் மட்டுமே விமானத்தை ஓட்டியது. திரும்பி வந்த கேப்டன் வழக்கமான குறியீட்டை ஐந்து முறை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. திறக்க வேண்டியவர் உள்ளே செயலிழந்து கிடந்தார். கடைசியில், உள்ளிருந்து யாரும் மறுக்காவிட்டால் சிறிது நேரத்தில் கதவைத் திறக்கும் அவசரக் குறியீட்டைப் போட்டார். அதன் காலவரம்பு முடியும் முன்பே துணை விமானி தட்டுத்தடுமாறி உள்ளிருந்து திறந்தார். விமானம் மாட்ரிட்டில் இறங்கியது. 2015 மார்ச்சில் துணை விமானி கேப்டனை வெளியே பூட்டிவிட்டு வேண்டுமென்றே விமானத்தை மோதிய ஜெர்மன்விங்ஸ் விபத்துக்குப் பிறகு காக்பிட்டில் எப்போதும் இருவர் என்று வந்த பரிந்துரையை ஐரோப்பாவில் மறு ஆண்டே நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். ஒரு பணியாளர் உள்ளே நின்றிருந்தால் செவில் விமானத்தின் கதவு உடனே திறந்திருக்கும். இந்த விதியைக் குற்றம் தடுக்கும் விதியாக மட்டும் பார்த்ததால்தான் கைவிட்டீர்கள். மருத்துவக் காரணத்துக்காக அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதுவரை, சந்தேகம் வந்ததுமே அவசரக் குறியீடு என்று கேபின் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் குறியீட்டுக்கும் காலவரம்பு ஓடும், ஐந்து முறை மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

மனநிலை குலைவதும் செயலிழப்புதான். 2008 ஜனவரியில் ஏர் கனடா 848-இன் துணை விமானி நிலைகுலைந்தபோது அவரை வெளியே கொண்டுபோய், விமானி உரிமம் வைத்திருந்த ஒரு பணிப்பெண்ணை உட்காரவைத்து, கேப்டன் ஷானனில் இறக்கினார். 2012 மார்ச்சில் ஜெட்புளூ 191-இல் துணை விமானி செய்தது அதைவிடக் கடினம்: மனநிலை குலைந்த கேப்டன் வெளியே போனதும் கதவைப் பூட்டினார். அவருக்கு யாரும் அதைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நீண்ட பயணங்களில் ஒருவர் தூங்க, ஒருவரே ஓட்டும் முறையை ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்து, இப்போதைய காக்பிட்டுகளில் அதே பாதுகாப்பைக் காட்ட முடியவில்லை என்று 2025-இல் சொல்லிவிட்டது. அந்தக் கதவு அப்படியே மூடியிருக்கட்டும்.

கடைசியாக, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு நடப்பது. தனியாக இறக்கிய விமானியை வரவேற்று, கைகொடுத்து, அறிக்கை எழுதச் சொல்லிவிட்டு, ஆள் குறைவு என்று மறுநாள் காலைப் பயணத்தில் போட்டுவிடும் வழக்கத்தை நிறுத்துங்கள். உடலைத் தூக்கிய கேபின் பணியாளர்களுக்கும் அப்படியே. அவர்கள் தூங்கட்டும், பேசட்டும், வேண்டுமானால் மருத்துவரைப் பார்க்கட்டும். அதுவரை ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) அவர்கள் பெயர் வர வேண்டாம்.

இப்படிக்கு,
விமானிகள், கேபின் பணியாளர்கள், பயிற்சியாளர்கள் சிலர்